நடுவில் விழுந்த பந்து

ஜொகூர் பாரு
3 மார்ச் 2025

அன்புத் தோழி பிரேமலாவுக்கு,

நீ நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். எத்தனை முறை அழைத்தாலும் போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

பணக்காரர்களின் முதலீடுகளைக் கவனிக்கும் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். ஆலோசகர் ஐலீனுக்கு நான் துணை. கோப்புகளைத் தயார்செய்து பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். நேற்று முன்தினம் டத்தோ பட்டம் வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட கேள்விக்கு ஐலீன் தடுமாறினார். உன்னோடு ஜோடியாக, சம்பளத்துக்குப் பூப்பந்து ஆடியவள் நான். ஆடிய கால் சும்மா இருக்குமா? குறுக்கே பாய்ந்து நானே பதில் சொல்லிவிட்டேன். "லைசன்ஸ் இல்லாதவங்க வாயே திறக்கக்கூடாது லா!" என்று மேலாளர் வறுத்தெடுத்தார். ஐலீன்தான் எனக்காகப் பேசினார். மதியச் சாப்பாடும் வாங்கித் தந்தார்.

உன் ஜோடி,
ஸ்டெஃபனி

மூவார்
10 மார்ச் 2025

ஸ்டெஃபனிக்கு,

'அன்புள்ள' போட மனம் வரவில்லை.

நேற்று வந்த ஐலீனுக்காகப் பாய்ந்தாயாம்! கடைசியாக ஆடிய இறுதி ஆட்டத்தில் நம் இருவருக்கும் நடுவில் பந்து விழுந்ததே, அப்போது எங்கே போயிற்று அந்தக் கால்? மரம் மாதிரி நின்றாய். தோற்றோம். கிளப்பையும் விட்டுப் போய்விட்டாய். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது ஜாக்லினோடு பயிற்சி செய்கிறேன். உன்னைவிட வேகம். 21ஆம் தேதிக்குள் மாநிலப் போட்டிக்கு ஜோடியின் பெயரைக் கொடுக்க வேண்டும். உன் இடம் இன்னும் காலிதான். வருகிறாயா, இல்லையா?

பிரேமலா

ஜொகூர் பாரு
16 மார்ச் 2025

பிரேமலா,

'வர்றேன் டி' என்று நேரில் சொல்லத்தான் நேற்று மூவாருக்குப் பஸ் ஏறினேன். பயிற்சி மண்டப வாசலில் நின்று பார்த்தேன். கையருகே வந்த பந்தை ஜாக்லின் விட்டாள். நீ சிரித்தாய். "பரவால்ல லா, அடுத்தத எடுப்போம்" என்று தோளில் தட்டினாய்.

என்னிடம் ஒருநாளாவது அப்படிச் சொன்னாயா? உன் பந்தை நான் எடுத்தால் நாள்கணக்கில் முறைப்பாய். அந்த முறைப்புக்குப் பயந்துதான் அன்று நின்றேன். வீடு வந்து சேரும்வரை வயிறு எரிந்தது.

அவள் பெயரையே கொடு. நான் லைசன்ஸ் பரீட்சை எழுதப் போகிறேன்.

ஸ்டெஃபனி

மூவார்
22 மார்ச் 2025

ஸ்டெஃபி,

ஜாக்லின் பெயரைக் கொடுத்துவிட்டேன். பரீட்சையை நன்றாக எழுது.

வாசல்வரை வந்தவள் உள்ளே வந்து என்னைத் திட்டியிருக்கலாம். ஜாக்லினோடு தோற்றால் எனக்கு வலிக்காது. அதனால்தான் சிரித்தேன்.

பிரேமலா