சொர்ணம்மாளின் முற்றுப்புள்ளி இல்லாத புத்தகம்

1953 ஜனவரி 12, நாகர்கோவில்

இன்றும் இந்த ஊர்க்காரி இசபெல்லின் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பிழைதிருத்தம். பெர்லினில் யாரும் துணியாத கவிதைகளைப் பதிப்பித்தவன் நான். நாஜிகள் என் புத்தகங்களைத் தெருவில் குவித்து எரித்தார்கள். அந்த வாரமே நாட்டைவிட்டு ஓடிவந்தேன். இருபது வருஷமாகிறது, ஜெர்மனில் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் தமிழில்.

ஜனவரி 20

கொட்டாரம் பள்ளிக்கூட டீச்சர் சொர்ணம்மாள் ஒரு கதை கொண்டுவந்தாள். அவள் கதைதான். புருஷன் வீட்டில் பட்ட அடி, ஒரு விடியலில் அங்கிருந்து ஓடிவந்தது. முப்பது பக்கம், ஓர் இடத்தில்கூட முற்றுப்புள்ளி இல்லை.

"ஓடும்போ மூச்சு வாங்கக்கூட நிக்கல்ல சாரே. பெறவு புள்ளிய எங்க வைக்க?"

இதைப் பதிப்பிக்காவிட்டால் நான் என்ன பதிப்பாளன்?

ஜனவரி 21

இசபெல் சரி என்றுவிட்டாள்!

மார்ச் 3

புத்தகம் வந்துவிட்டது. ஈர மை. இரண்டு முறை முகர்ந்து பார்த்தேன்.

மார்ச் 19

சொர்ணம்மாள் புருஷனின் அண்ணன் பொன்னுலிங்கம் வந்து கத்தினான். குடும்ப மானம் போச்சாம். "ஞாயித்துக்கிழம வருவோம். புஸ்தகம் எல்லாத்தையும் எடுத்து வையும். இல்லேன்னா கடையோட கொளுத்திருவோம்."

கொளுத்துவார்களா, மறுபடியுமா? இங்கேயுமா?

பெட்டி கட்டினேன். இசபெல் பார்த்துவிட்டாள்.

"எங்க ஓடப்போறிய? எரிச்சா எரிக்கட்டும். அச்சுக்குக் கோத்த ஈய எழுத்த நான் இன்னும் கலைக்கல்ல. திரும்ப அடிப்போம்."

பெர்லினில் எனக்கு இப்படிச் சொல்ல ஒருவர்கூட இல்லை. பெட்டியைப் பிரித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தார்கள். பொன்னுலிங்கமும் அவன் ஆட்களும், மண்ணெண்ணெய் டின்னோடு. நானும் இசபெல்லும் வாசலில் நின்றோம். அதற்குள், இசபெல் சொல்லியனுப்பியிருந்த சொர்ணம்மாள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பொன்னுலிங்கத்திடம் போனாள்.

"அத்தான், வாசிச்சியளா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்பம் கேளுங்க."

நடுத்தெருவில் நின்று புத்தகத்தை வாசித்தாள். கடைகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அவள் முடித்ததும் பக்கத்துத் துணிக்கடை மைமூன் பீவி பொன்னுலிங்கத்தைப் பார்த்து, "உள்ளதா? இப்பிடியா அடிச்சான் ஒம்ம தம்பி?" என்றாள்.

அவன் தலை கவிழ்ந்தது. பிறகு டின்னைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு போய்விட்டான்.

ஏப்ரல் 6

பிரதிகள் தீர்ந்தன. அருமனையிலிருந்துகூட ஆள் வந்து கேட்கிறார்கள். மறுபடி அடிக்கிறோம்.

ஜூன் 9

நல்ல மழை. இசபெல் சந்தையிலிருந்து பலாக் கன்று ஒன்று வாங்கிவந்தாள்.

"வரிக்கப் பிலாவாக்கும். காய்க்க ஏழெட்டு வருசம் ஆவும் சாரே. எங்க வைக்கலாம்?"

என் சன்னலுக்கு நேரே குழி வெட்டினேன்.