மலை ஏறாத ஓகஸ்ட்

ஜூன் 8

ஞாயிறு. ஜெசிதாவும் மகள் யசிந்தாவும் பூசைக்குப் போய்விட்டார்கள். குருநகர் முழுவதும் கோவில் மணி. நான் விறாந்தையில், சக்கர நாற்காலியில்.

ஏப்ரலில் கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போனேன். ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வந்ததில் இரத்தத்தில் காற்றுக் குமிழி ஏறிவிட்டது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரிவதில்லை. எழுதினால் மனம் ஆறும் என்று ஆசுபத்திரித் தாதி சொன்னார். பார்ப்போம்.

ஜூன் 19

யசிந்தா கதைப்புத்தகத்தோடு வந்து நின்றாள். "பப்பா, விட்ட இடத்திலையிருந்து வாசியுங்கோவன்."

ஏப்ரல் வரை பின்னேரத்தில் நான் உரத்து வாசிப்பேன். ஜெசிதா மீன் வெட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்து, "உவன் கள்ளன், நான் அப்பவே சொன்னனான்" என்று கதையில் வருகிறவனைத் திட்டுவாள். கடலில் என்ன பாடு பட்டாலும் அந்த நேரம் வீட்டில் சிரிப்புத்தான்.

தலையிடி என்றேன். பிள்ளை தைலம் எடுத்துவந்து நெற்றியில் பூசிவிட்டாள்.

ஜூன் 20

நேற்று எனக்குத் தலையிடி இல்லை.

ஜூலை 6

ஜெசிதாவின் அக்கா அற்புதராணி மலைநாட்டில், அப்புத்தளையிலிருந்து போன் எடுத்தா. விடுமுறைக்கு வருவீர்கள்தானே என்று கேட்டா.

ஒவ்வொரு ஓகஸ்டும் போவோம். யாழ்ப்பாணத்தானுக்கு ஏற ஒரு மேடு கிடையாது. கீரிமலையும் பெயரில்தான் மலை. கடலுக்குள் இறங்க மட்டும் தெரிந்த என்னை ஏறப் பழக்கியவள் ஜெசிதா. விடியவே ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே நடப்போம். எந்தப் புத்தகமானாலும் கடைசி அத்தியாயத்தை உச்சிப் பாறையில் இருந்துதான் வாசிப்பேன். காற்று தாளைப் பிடுங்கப் பார்க்கும். யசிந்தா இரண்டு கையாலும் அமத்திப் பிடிப்பாள்.

இனி?

ஜூலை 22

வைத்தியர் காலில் ஊசியால் குத்தினார். "தெரியுதோ?"

"இல்லை."

நடப்பேனா என்று கேட்டேன். "மனதைத் தளரவிடாதேங்கோ" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஓகஸ்ட் 6

சண்டை.

"நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ. ஜெரிசன் வந்து என்னோடை நிப்பான்." ஜெரிசன் என்னோடு ஒரே படகில் தொழில் செய்தவன். அன்று என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டவன்.

"எனக்கு மலையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்" என்றாள் ஜெசிதா.

"என்ரை கால் போனதுக்குப் பிள்ளையின்ரை காலையும் கட்டி வைக்கப் போறியோ?" கத்திவிட்டேன். யசிந்தா கதவடியில் நின்றது பிறகுதான் தெரிந்தது.

ஓகஸ்ட் 9

போய்விட்டார்கள். பாதியில் நிற்கும் அந்தக் கதைப்புத்தகத்தையும் பைக்குள் வைக்கச் சொன்னேன்.

ஓகஸ்ட் 11

ஜெரிசன் என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் குளிக்க வார்த்தான்.

இந்நேரம் பாறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள் — நாள் முழுக்க இதே நினைப்பு. பொறாமையா? ஓம், கொஞ்சம். ஆனாலும், ஏப்ரலுக்குப் பிறகு ஒரு நாளாவது மனம் இந்த நாற்காலியை விட்டு வெளியே போனது.

ஓகஸ்ட் 14

நாளை மாதா திருநாள் என்பதால் இன்றே வந்துவிட்டார்கள்.

"பாறையிலை காத்து எப்பிடி?" என்று கேட்டேன். யசிந்தா தாயைப் பார்த்தாள்.

"நாங்கள் ஏறேல்லை" என்றாள் ஜெசிதா.

"மழையோ?"

"இல்லை. நல்ல வெயில்." பையை இறக்கி வைத்தாள். "பாதி வழி போனனாங்கள். பிள்ளை நிண்டிட்டாள். மேலை போய் ஆர் வாசிக்கிறது எண்டு கேட்டாள். எனக்கும் கால் வரேல்லை. திரும்பிட்டம்."

ஏன்? எனக்காக நிக்கச் சொல்லி நான் கேட்டனானோ? கால் இல்லாத ஆள் இந்த வீட்டிலை ஒண்டு காணாதோ? மூண்டு பேருமோ?

ஓகஸ்ட் 15

பின்னேரம் நானே புத்தகத்தை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து கடைசி வரை வாசித்தேன். ஜெசிதா ஒருவரையும் திட்டவில்லை. யசிந்தா அசையாமல் இருந்து கேட்டாள். முடிந்ததும், "நல்லாயிருந்தது பப்பா" என்றாள், பங்குச் சாமியாரோடு கதைப்பதுபோல.

செப்டம்பர் 1

ஜெசிதா இன்று நண்டு பதனிடும் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியவே வான் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

யசிந்தாவுக்குத் தலை பின்னுவது இனி என் வேலை. அவள் எனக்கு முன்னால் நிலத்தில் இருந்து, என் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். சாய்ந்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது. கிழிந்த வலை பொத்திய கைக்குத் தலைமயிர் பிடிபடவில்லை. ஒரு பின்னல் மேலே, மற்றது கீழே. ஒருவழியாக ரிபனைக் கட்டினேன்.

"சரியோ?"

கண்ணாடியைப் பார்க்காமலே, "வடிவாயிருக்கு பப்பா" என்றாள்.

படலைக்கு வெளியே போனவள் நின்றாள். பையை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு ரிபனையும் அவிழ்த்தாள். விரலாலேயே வாரி, அவசர அவசரமாகத் தானே பின்னினாள். பிறகு, நான் பார்க்கிறேனோ என்று வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.