கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி

வீடு முழுக்கப் பெயின்ற் மணம். நீங்கள் போய் ஒரு வருசமாகிறது, ஆட்டத்திவசம் வருகிறதென்று என் தம்பி ஆள் பிடித்து அனுப்பியிருக்கிறான். எப்போதும் சுவரோடு சாய்ந்து திறந்தே கிடக்கும் குசினிக் கதவை வந்தவர் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார்.

"ரீச்சர், கதவுக்குப் பின்னால சுவரில ஒரு ஆணி கிடக்கு. புடுங்கட்டா?"

அந்த ஆணியை நான் கண்டதே இல்லை.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண் அங்கே வந்து சேருவார். நாவற்குடாவில் அப்பா எனக்குக் கட்டித் தந்த இந்த வீட்டுக்கு நீங்கள் குருக்கள்மடத்திலிருந்து வந்தீர்கள். கலண்டர் மாட்டவும் "ஒரு ஆணி அடிக்கட்டா?" என்று கேட்டீர்கள், சாமிப்படம் மாட்டவும் கேட்டீர்கள். கேட்க வேண்டாம் என்று நான் சொல்லியும் விடவில்லை. அது விளையாட்டா, ரோசமா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் பாடத்துக்காக அகராதியைப் புரட்டினேன். 'ஹஸ்பண்ட்' என்ற சொல்லின் பின்பாதி, கட்டுகிற 'பேண்ட்' என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். வடகடல் நாட்டார் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த இரண்டு பழஞ்சொற்கள் ஒட்டிப் பிறந்தது அது. முன்பாதி வீடு, பின்பாதி, அதில் குடியிருந்து ஆளுகிறவன். சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த உங்களிடம் வந்து சொன்னேன்.

"அப்ப நான் அந்த ஆள் இல்லகா. வீடு உன்ட," என்றீர்கள். இருவரும் சிரித்தோம்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக "வீட்ட போவம்" என்றீர்கள். எந்த வீடு என்று சொல்லவில்லை. பிறந்த வீட்டைத்தான் சொல்கிறான் என்றார் உங்கள் அக்கா. குருக்கள்மடத்து வீட்டிலிருந்துதான் உங்கள் பிரேதத்தை எடுத்தார்கள். அன்றைக்கு மரத்துப்போன மனம் இன்னும் அப்படியே இருக்கிறது. அழுகைகூட வருவதில்லை.

இன்று ஆணியைத் தடவிப் பார்த்தேன். ஒரே துரு. அப்போதுதான் உங்கள் துவாய் நினைவுக்கு வந்தது. குளித்துவிட்டு வந்து ஈரத் துவாயைக் கதிரையில் போடுவீர்கள், நான் ஏசுவேன். எப்போதோ அது நின்றுபோனது. பிறகு துவாயில் துருக்கறை வரத் தொடங்கியது. அதற்கும் ஏசிக்கொண்டேதான் துவைத்தேன்.

இதற்கு மட்டும் நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

பெயின்ற்காரர் குறட்டோடு நின்றார். ஊரில் மற்றப் பெண்கள் புருசனைச் சொல்லும் சொல்லை நான் உங்களைக் குறித்துச் சொன்னதில்லை. 'அவர்' என்பதோடு சரி. இன்று அது தானாக வாயில் வந்தது.

"புடுங்க வேணாம். அது எங்கட வீட்டுக்காரர் அடிச்ச ஆணி."