உன் தோட்டத்துக்கு வந்த நல்லது

என் பிரியமான மச்சான் அன்வருக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன். உன்னிடம் சொன்னேனோ இல்லையோ, டீக்கடையில் சொன்னேன், சாட்சி இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றுதான் எனக்குப் பேர். ஆனால் உன் கொல்லைத் தோட்டம் ஒருநாள் சிமெண்டாகிவிடும் என்பதை ஆம்பூரிலேயே முதலில் கணித்தவன் நான்தான். சிமெண்ட் போடச் சொன்னவன் நீ என்பதை மட்டும் கணிக்கத் தவறிவிட்டேன்.

பக்கத்தில் நின்று இதைப் படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். நாம் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் காலமெல்லாம் உழைத்தவர்கள், ஒரே மதில் சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். உன் மனைவி ஷம்ஷாத் என்னை அண்ணே என்று கூப்பிட்டாள். அதனால் நீ எனக்கு மச்சான் ஆனாய். மதம் வேறாக இருந்தாலும் முறை சரியாக அமைந்துவிட்டது.

உன் அப்பா காலத்தில் உப்புத்தோலை அடுக்கி வைத்த கொல்லை அது. புல்கூட முளைக்காது. நான்தான் மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"முட்டி ஆழம் வரைக்கும் உப்பு, மச்சான்."

"இன்னா மாமு, நாக்கா அது? லேப் மெஷினா?" என்று சிரித்தாய்.

சிரித்தாலும் முட்டி ஆழத்துக்குத் தோண்டினாய். ஏரி மண் கொட்டினோம். கறிவேப்பிலை, எலுமிச்சை, செம்பருத்தி, ஆவாரை என்று வைத்தோம். மருந்து எதுவும் அடிக்கவில்லை. எலுமிச்சை இலையைப் புழு தின்றபோது, "தின்னட்டும் மாமு, பட்டாம்பூச்சி ஆவப் போவுது" என்றவன் நீ. ஷாப்பில் ரசாயனம் வந்த ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, பத்துத் தடவை கழுவிப் புதைத்தோம். தவளை வந்தது. மதில் அடியில் இரண்டு செங்கல்லை உருவினோம், கீரி வந்தது. தேன்சிட்டும் செம்போத்தும் வந்தன. விரிஞ்சிபுரத்திலிருந்து ஒரு மயில் வழி கேட்டுக்கொண்டு வந்தது என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். நீ பக்கத்தில் நின்று, "ஒண்ணு இல்ல, ரெண்டு" என்பாய். அப்படி ஒரு தோஸ்த் யாருக்குக் கிடைப்பான்?

அப்புறம்தான் அந்தப் பாம்பு வந்தது. மூன்று வருஷம் ஆகிறது. டிரம் ஓரத்தில் கிடந்தது. மதிலுக்கு மேல் என் தலையைப் பார்த்ததும் குடை அளவுக்குப் படம் விரித்தது. நான் கண்ணைச் சிமிட்டாமல் நின்றேன், அதுதான் முதலில் வெட்கப்பட்டுத் தலையைத் தாழ்த்தியது. நம் பக்கத்தில் அந்தப் பேரை வாயால் சொல்வதில்லை, 'நல்லது' என்போம். நானும் மதில் மேல் எட்டி அப்படித்தான் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, நல்லது வந்திருக்கு!"

அப்போது உன் மகன் நதீமுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தீர்கள். வீட்டில் உருது பேசுகிற ஷம்ஷாத்துக்கு 'நல்லது' என்றால் நல்ல சம்பந்தம்தானே?

"அப்டியா அண்ணே! எந்த ஊரு?"

"ஊரா? நம்ம தோட்டம்தான்."

"பொண்ணு இன்னா படிச்சிருக்கு?"

"படிப்பெல்லாம் இல்ல. தவளைய முழுங்கிட்டுப் படுத்துருக்கு."

முந்தானையில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டே வந்தவள், ஆவாரைக்குள் நுழைகிற வாலை மட்டும் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் காட்பாடியில் நின்ற ரயில் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் நீ என்னைத் தனியாகக் கேட்டாய். "மாமு, நெசமா நல்லதுதானா? சாரையா இருக்கப் போவுது."

"படத்துல இருந்த மூக்குக்கண்ணாடியே தெரிஞ்சுதுன்றேன்" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போனாய்.

நீ போய்ச் சேர்ந்து, நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடித்த மறுவாரம், உன் வாசலில் ஜல்லி வந்து இறங்கியது. நான் ஓடிவந்து கொல்லை வாசலை மறித்து நின்றேன்.

"நவுருங்க மாமா" என்றான் நதீம்.

"உங்கப்பன் இருந்தா ஒத்துக்குவானாடா?"

"அப்பாதான் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி எங்க அம்மிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. எனக்கப்புறம் மொத வேலையா சிமெண்ட் போட்ருங்க, மாமு மனசு நோவும்னுதான் நான் இருக்கறப்ப செய்யலன்னாரு."

நகர்ந்துவிட்டேன், மச்சான். வேறு என்ன செய்வது?

மூன்று வருஷமும் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அதோ பாரு மாமு, தேன்சிட்டு குஞ்சுக்குத் தீனி கொண்டுபோவுது" என்று காட்டினாயே, அத்தனையும் எனக்காக நடித்ததா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, உன் கழுத்தையா நெரித்திருப்பேன்? நீ செத்ததைக்கூட மன்னித்தேன். இதை எந்தக் கணக்கில் மன்னிப்பது? முழங்கால் வலியால்தான் நீ படுத்திருக்கிற கபரஸ்தானுக்கு வருவதில்லை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, கோபம்தான்.

உன் வீட்டுச் செய்தி ஒன்று. போன வாரம் ஷம்ஷாத் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே டீயை நீட்டி அவளே சொன்னாள்:

"கோச்சுக்காதீங்க அண்ணே. மூணு வருஷம் இந்தக் கதவ நான் தொறக்கல. துணியக்கூட மாடிலதான் காயப் போட்டேன். நல்லது வந்த எடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும்னு நீங்கதான சொன்னீங்க? தூங்கறப்பகூட அந்தப் படம்தான் கண்ணுக்கு வரும்."

அவள் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை, மச்சான். நான் சொன்னதைத்தான் மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நேற்று மழை. தவளைகள் சிமெண்ட் மேல் வந்து, வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தன. கீரி வந்து மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் தாவியது. என் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? என் அப்பன் காலத்திலேயே சிமெண்ட் போட்டாயிற்று. உன் கொல்லையில் காடு வளர்த்த மகாவீரன், தன் கொல்லையில் ஒரு துளசிக்குக்கூட இடம் விட்டதில்லை.

என் பக்கத்துச் சிமெண்டை நானே உடைக்கிறேன். ஏரி மண்ணுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் தங்கச்சியிடம் போய் ஒன்று சொல்லியாக வேண்டும். நாளைக் காலையே சொல்வேன், உன் மேல் சத்தியம். வாயில் வருகிறதா என்று இப்போது உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அது படம் எடுக்கவே இல்லை, மச்சான். சாரைதான்.

உன் ஷம்ஷாத்துக்கு அண்ணன்,
முனுசாமி