ஆம்ப்ரோஸ் போன வழி

நெதர் ஹாலோ,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, 1976.

அன்பு மகன் லெனார்டுக்கு அம்மா எழுதுவது. நான் நலம். பெர்த்தில் நீயும் ஜூடித்தும் குழந்தையும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

உன் தந்தி கிடைத்தது. எந்த விமானத்தைப் பிடித்தாலும் அடக்கத்துக்கு வந்துசேர முடியாது என்பது எனக்குத் தெரியாதா? இந்த வெயிலில் காத்திருக்கவும் வழியில்லை. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன் அப்பாவைக் குறைவில்லாமல் அனுப்பிவைத்தோம்.

மே மாதத்துக்குப் பிறகு இங்கே மழையே இல்லை. குளித்த தண்ணீரைத்தான் பீன்ஸ் கொடிக்கு ஊற்றுகிறேன். ஆடு மேயும் சரிவில் புல் கருகி, அந்தக் காலத்து வீடுகளின் சுவர்த்தடம் கோடு கோடாகத் தெரிகிறது. கொள்ளைநோயில் காலியான வீடுகளாம். நடுவே ஒரு தெரு. அந்தத் தெரு நேராகப் போய், பிணம் தூக்கிப்போகிற சவப்பாதையில் சேர்கிறது. அப்பா படுக்கையிலிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னை அந்த வழியாவே கொண்டு போங்க, ஹில்டா. காரெல்லாம் வேண்டாம்" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

நீ போன பிறகு மேட்டுப் பண்ணையை பென்ஃபோல்டு என்ற பர்மிங்காம்காரர் வாங்கியிருக்கிறார். சவப்பாதை தன் நிலத்தில் நுழையும் இடத்தில் கேட் வைத்துச் சங்கிலி போட்டுவிட்டார். அப்பா இறந்த மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். அனுமதி கேட்கவில்லை, வியாழக்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன்.

"பொணம் போற வழி பொதுவழின்னு ஊர்ல ஒரு கதை சொல்றாங்க. கதை சட்டமாகாதும்மா. ஒரு பொணம் போனா பாதை ஆயிடுமா?" என்றார்.

"ஒண்ணு போனா ஆகாதுதான். எழுநூறு வருஷமா போயிருக்கே. எங்க ஊர்க் கோயில்ல கல்யாணம் பண்ணலாம், ஞானஸ்நானம் குடுக்கலாம், புதைக்க மட்டும் ஆரம்பத்துலேயே சபை உரிமை தரல. செத்தவங்க எல்லாரும் மேல ஓவர் ஹாலோ கல்லறைக்குத்தான் போனாங்க. தோள்ல தூக்கிட்டு நடந்து நடந்துதான் அந்த வழி ஆள் உயரத்துக்குப் பள்ளமாச்சு. வேற எப்படி ஆச்சுன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் தேநீர் மட்டும் கொடுத்தார். ஆறிப் போயிருந்தது.

வியாழக்கிழமை ஊரே வந்தது. கேட் பூட்டித்தான் கிடந்தது. நம் ஊர் வில்ஃப் டிரான்டர் தன் வேனிலிருந்து பெரிய வெட்டுக்கத்தரியை எடுத்துவந்தான். "ஒரு வார்த்தை சொல்லுங்க ஹில்டாம்மா, நறுக்கிடறேன்!" என்றான். நான் விடவில்லை. நம் வழியில் போவதற்குத் திருடனைப் போல நுழைவானேன்? கேட்டுக்கு முன்னால்தான் அந்தச் சப்பைக் கல் இருக்கிறதே, தூக்குகிறவர்கள் பெட்டியை வைத்து இளைப்பாறுவதற்கென்று பழைய ஆட்கள் போட்டது. அதன்மேல் அப்பாவை வைத்தோம். எல்லோரும் புல்லில் உட்கார்ந்தோம். அடக்கம் முடிந்து சாப்பிட வைத்திருந்த பன்றிக்கறி வைத்துச் சுட்ட அப்பத்தைப் பக்கத்து வீட்டு நோரா அங்கேயே வெட்டிப் பரிமாற ஆரம்பித்தாள். மேலே கோயில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பென்ஃபோல்டு இறங்கி வந்தார். "எவ்வளவு நேரம் இப்படியே உட்காந்திருப்பீங்க?" என்றார்.

"எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க. பெட்டியில இருக்கற ஆம்ப்ரோஸுக்குத் துளியும் இல்ல" என்றேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தோம், அப்பாவை வைத்துக்கொண்டே. பென்ஃபோல்டு சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பள்ள வழி நிழலாக மேலேறிப் போவதைத் திரும்பி வெகுநேரம் பார்த்தார். அதில் அவர் ஒருநாளாவது நடந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

பெட்டியைத் தூக்கியபோது ஆறு பேருக்கு ஐந்து பேர்தான். இடதுபக்க முன்தோளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த ஏற்றத்தில் ஐந்து பேரால் முடியவில்லை, பெட்டி சாய்ந்தது. "இந்தப் பக்கம் ஏன் ஆளில்ல?" என்று பென்ஃபோல்டு கேட்டார்.

"அது என் பையன் இடம்."

அவர் தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டினார். "அவர் வர்ற வரைக்கும் நான் பிடிச்சுக்கலாமா?" என்றார்.

சரி என்றேன். கல்லறை வரை தோள் மாற்றாமல் தூக்கினார். சங்கிலியை அன்றே எடுத்துவிட்டார். சட்டப்படி எழுதித் தருவாரா என்று வில்ஃப் கேட்கிறான். தருவார், நான் வாங்குவேன்.

நம் பண்ணையை விட்டு நீ போனதைப் பற்றி அப்பா கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. ஆனால் உன் குழந்தையின் படத்தைத் தலையணைக்கடியில்தான் வைத்திருந்தார். அதை அவர் கையிலேயே வைத்து அனுப்பினேன். இன்னொன்று அனுப்பு.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். முழங்கால் இன்னும் நன்றாக இருக்கிறது, அந்த ஏற்றத்தை நிற்காமல் ஏறினேன். என்னைத் தூக்க வேண்டிய நாளுக்காக நீ அவ்வளவு தூரம் பறந்து வர வேண்டாம், கண்ணே. நான் நடக்கிற நாளில் வா.

உங்கள் மூவருக்கும் ஆசிகளுடன்,
அம்மா
ஹில்டா டாலி