வசந்தாவோட நட்சத்திரமும் நான் கட்டின பொட்டலமும்

17-11-74, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். காயப் போட்ட பனியன் துணி மறுபடி நனைந்து கல்லாட்டம் கனம். சலவைப் பட்டறை மேஸ்திரி நான். மழைக்கும் நானே பொறுப்பு என்று முதலாளி நினைப்பு.

நாளைக்கு: நீலம் வாங்க. பிளீச்சிங் பவுடர் டிரம்முக்கு மூடி. வீட்டுக்கு உளுந்து, சீயக்காய்.

மகள் வசந்தா தீபாவளிக்கு வந்தவள், இன்னும் ஐதராபாத் வேலைக்குக் கிளம்பவில்லை. காரணம் இன்றைக்குத்தான் சொன்னாள். அமெரிக்காவிலிருந்து கடுதாசி வந்திருக்கிறதாம். மலை மேல் தொலைநோக்கி வைத்து வானத்தைச் சலிக்கிற வேலை. ரெண்டு வருசம். வருகிறாளா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் தந்தி கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரி: "அடுத்த ஞாயித்துக்கெழம உடுமலைப்பேட்டைக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்களே. அவங்களுக்கு யாரு தந்தி குடுக்கறது?"

நான் எட்டாவது வரை படித்தவன். பெண் எம்.எஸ்ஸி. நடுவில் பேச எனக்கு என்ன தகுதி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. அவள் அவ்வளவு தூரம் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

18-11, திங்கள்

மழை விட்டது. வெயில் இல்லை. துணியில் வாடை.

மத்தியானம் வசந்தாவே சோறு கொண்டுவந்தாள். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். "அப்படி என்னத்தைத் தேடப் போற கண்ணு? வானத்துல இருக்கறதுதான் எல்லாருக்கும் தெரியுதே."

"தெரியாததைத்தானுங்கப்பா. பெரிய பெரிய நட்சத்திரமெல்லாம் பொறக்கறது தூசி மேகத்துக்குள்ள. வெளிச்சம் வெளிய வராது. சூடு மட்டும் கசியும். அந்தச் சூட்டைப் பாக்கறக்குத்தான் அகச்சிவப்புக் கருவி."

சாக்குப் போட்டு மூடின, துணி வேகிற சோடாத் தொட்டியைக் காட்டினேன். "கொதிக்குதான்னு மூடியைத் தூக்க மாட்டோம். கையை நீட்டுனாத் தெரியும். அந்த மாதிரியா?"

"அதேதானுங்கப்பா!" என்று துள்ளினாள். எனக்கு ஒரே பெருமை. பக்கத்தில் துணி பிழிந்தவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கவனிக்கவே இல்லை.

இன்னும் சொன்னாள். பெருசாகப் பிறப்பது ரொம்பக் குறைவு. பிறந்தாலும் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். தூசி விலகி நம் கண்ணில் படுவதற்குள் பாதி ஆயுசு முடிந்திருக்கும். அதனால் உள்ளே இருக்கும்போதே பிடிக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் பால்வீதி முழுக்கத் துழாவி ஒரு பட்டியல் போடணும். பட்டியலில் கிழட்டு நட்சத்திரமும் வந்து நிற்குமாம். அதுவும் தூசியைப் போத்திக்கொண்டு இளசு மாதிரியே தெரியுமாம். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்கணும்.

"என்னைய மாதிரி" என்றேன். தலைமுடி பூராப் பஞ்சுத் தூசி, நரை தெரியவில்லை. சிரித்தாள்.

ஐதராபாத்தில் பலூனில் தொலைநோக்கி கட்டிப் பறக்கவிட்டு இதையேதான் செய்கிறார்கள். ஒரே தொந்தரவு, கருவியைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கணுமாம். இல்லாவிட்டால் தன் சூட்டையே பார்த்துக்கொண்டு நிற்குமாம்.

19-11, செவ்வாய்

மச்சான் வந்தார். வீட்டுக்காரியின் அண்ணன். சம்பந்தம் கொண்டுவந்தவர் அவர்தான். வந்ததும் காப்பி, அப்புறம் கோபம்.

"மாப்ளே, பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"நட்சத்திரம் தேடுதுன்னு சொல்லுங்க."

"அதான் சாதகத்துலயே இருக்குதே! புதுசா எதுக்குத் தேடறது?"

வசந்தாவே சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "போனா வராதுங்க. வந்தாலும் நம்ம புள்ளையா வராது. பாத்துக்கங்க" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். அந்த வார்த்தை மட்டும் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்காரி முடிவு: ஊத்துக்குளிப் பக்கம் குலசாமி கோயிலில் பூக் கேட்பது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் போகக் கூடாது. எங்கள் கல்யாணத்தையும் அவள் அப்பன் இப்படித்தான் கேட்டு முடித்தார். என்னைக் கட்டிக்கொண்டதற்குச் சாமி மேல் அவளுக்கு இன்னும் வருத்தம்.

படித்தவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன்.

"சரிங்கம்மா. எப்படி வந்தாலும் கட்டுப்படறேன். நீங்களும் கட்டுப்படோணும்" என்றாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு, வீட்டில் பேசிப் பார்த்தால் அதுவும் கிடைக்காது என்று கணக்குப் போட்டிருப்பாள்.

21-11, வியாழன்

நல்ல வெயில். துணி பூரா உலர்ந்தது. முதலாளிக்கு மேஸ்திரி திடீரென்று கெட்டிக்காரன்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம். யாரும் படிக்கப்போவதில்லை. எழுதுகிறேன்.

சாயங்காலம் பொட்டலம் நான்தான் கட்டினேன். பனியன் நூல், பழைய பேப்பர். வெள்ளரளி ஒரு கை, செவ்வரளி ஒரு கை பறித்து வைத்திருந்தேன். வெள்ளரளியைக் கிணற்றடியில் போட்டேன். செவ்வரளியை ரெண்டாகப் பிரித்தேன்.

ரெண்டும் சிவப்பு.

முடிச்சு நேராக விழுந்தது. முப்பது வருசம் மூட்டை கட்டின கை.

22-11, வெள்ளி

கோயில். பூசாரி கற்பூரம் காட்டி ஒரு பொட்டலம் எடுத்துப் பிரித்தார். சிவப்பு. வீட்டுக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். சாமி கேட்டுவிட்டதாம்.

வசந்தா கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்தாள். அப்புறம், "ஐயா, இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாக்கலாமுங்களா?"

பூசாரி பதறிவிட்டார். "ஆகாதுங்க கண்ணு! பிரிச்சா வாக்கு முறிஞ்சு போயிரும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உண்டியலைப் பார்த்தேன். "வேண்டாமுங்க, உடுங்க" என்றாள். பொட்டலத்தைக் கிணற்றில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். போட்டேன். மிதந்தது.

திருப்பூர் வந்ததும் நேராகத் தந்தி ஆபீஸ். அவள் எழுதித் தந்த தாளை நான்தான் ஜன்னலில் நீட்டினேன். இங்கிலீஷில் முதல் வார்த்தை 'ரிக்ரெட்'. இந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். கல்கத்தாவுக்குப் போன பனியன் மூட்டை கறை என்று திரும்பி வரும்போது கடுதாசி 'வருந்துகிறோம்' என்று இப்படித்தான் தொடங்கும்.

"நல்ல சேதிங்களா?" என்று கிளார்க் கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ.

24-11, ஞாயிறு

உடுமலைப்பேட்டைக்காரர்கள் எட்டுப் பேர். தேங்காய் மூட்டையோடு வந்தார்கள்.

வசந்தா காப்பி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் கை கூப்பி, "எனக்கு இப்பக் கல்யாணத்துல விருப்பம் இல்லீங்க. உங்களை வரவெச்சதுக்கு மன்னிச்சுக்கோணும்" என்றாள். அவர்கள் நல்ல மனுசர்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டே எழுந்தார்கள்.

மச்சான் குதித்தார். "சாமி வாக்கு என்னாச்சு?"

"போகக் கூடாதுன்னுதானுங்க மாமா வாக்கு. போகலை. கட்டிக்கிறதா வேண்டாமான்னு சாமியை யாருங்க கேட்டா?"

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவளுக்கு அமெரிக்காவும் இல்லை, இவர்களுக்குக் கல்யாணமும் இல்லை. வீட்டில் மிஞ்சியது தேங்காய் மூட்டை மட்டும். இதுக்குத்தான் சாமியை ஏமாத்தினேனா?

25-11, திங்கள்

தூக்கம் இல்லை. பட்டறைக்கு லீவு. காலையில் ரெண்டு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரி முதலில் சாமிக்குப் பயந்தாள். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை! இருபத்தாறு வருசத்தில் அப்படிப் பார்த்ததில்லை. பேச்சு நின்றது.

வசந்தா கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் சொன்னாள். "அங்கயே பிரிச்சிருக்கோணும். ஆராய்ச்சியில இப்படி ஒண்ணைப் பாக்காம உட்டா அடுத்த நாளே வேலையை உட்டு அனுப்பிருவாங்க."

"அப்புறம் ஏன் கண்ணு உட்டே?"

"கட்டுனது நீங்க. அதான்."

எழுந்து போய் முகம் கழுவினாள். அப்புறம் தந்தி ஆபீசுக்கு ரெண்டாவது நடை. இந்தத் தடவை அவள் மட்டும் போனாள். வருகிறேன், இடம் இருக்கிறதா என்று கேட்டு.

கருவி தன் சூட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்றாளே. வேறு யாருக்கும் விளங்காவிட்டாலும் எனக்கு நன்றாக விளங்கிவிட்டது.

30-11, சனி

பதில் தந்தி. அவள் படித்து மடித்து வைத்தாள். இடம் அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. வாழ்த்து என்று கடைசியில் ஒரு வார்த்தையாம்.

வீட்டுக்காரி என்னோடு பேச ஆரம்பித்தாள். "உப்பு வாங்கோணும்." அவ்வளவு.

1-12, ஞாயிறு

வசந்தாவை மெட்ராஸ் ரயிலில் ஏற்றக் காலையில் ஸ்டேஷன். அங்கிருந்து ஐதராபாத். பெட்டியை நான் தூக்கினேன். முதலில் விட்டுக்கொடுத்தாள், அப்புறம் அவளே வாங்கிக்கொண்டாள். பாவம் என்று நினைத்திருப்பாள், முதுகு வளைகிறது.

பிளாட்பாரத்தில் நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அடுத்த வருசமும் கூப்பிடுவாங்கல்ல?" என்றேன்.

"தெரியலீங்கப்பா. வானத்தைத் துழாவற வேலையை ஒருக்காத்தான் தொடங்குவாங்க."

ரயில் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள்.

"யாரையும் கேக்காமப் போயிருந்தா என்னங்கப்பா பண்ணியிருப்பீங்க?"

யோசித்தேன். பொய் சொல்ல இனி எனக்கு யோக்கியதை இல்லை. "அழுதிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம்... பட்டறைக்குப் போயிருப்பேன்."

"அவ்வளவுதானுங்களே அப்பா" என்றாள்.