இளஞ்சிவப்பாக இருந்த ஒன்பது குழாய்கள்

மார்ச் 4
தலைமை டாக்டர் இன்று சிரித்தார். லேபில் அவருக்குப் பெயர் 'ஐஸ்பெட்டி'. மூளைக் கட்டி வந்த குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நோயில்லாத குழந்தைகளைவிட மூன்று மடங்கு இருக்கிறது. செல்லை விட்டு வெளியேறி ரத்தத்தில் மிதக்கும் துணுக்கு. இது உறுதியானால், கட்டி இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்த்துவிடலாம். "எல்லாம் உங்க கை சுத்தம்" என்றார், ரத்தத்தைப் பிரித்து வைக்கும் டெக்னீஷியனான என்னிடம். மனைவி உடனே அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

மார்ச் 9
மிச்சம் வைத்த குழாய்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதில் சீரம், அதாவது அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் தெளிநீர், இளஞ்சிவப்பு. சிவப்பணு உடைந்தால் வரும் நிறம். உடைந்தால் அதிலிருந்தும் இதே துணுக்கு கொட்டும். ஒன்பதும் கட்டி வந்த பிள்ளைகளுடையவை.

மார்ச் 10
எழுதித்தான் ஆக வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த ரத்தம் வரும். நான் ஷட்டில் விளையாடக் கிளம்பிவிடுவேன். ராத்திரி முழுக்க மேசையில் கிடந்ததைக் காலையில் மெஷினில் சுழற்றிப் பிரித்துவிட்டு, 'ஒரு மணி நேரத்துக்குள் பிரித்தது' என்று பதிவேட்டில் எழுதினேன். பந்தடிக்கப் போனேன். த்தூ.

மார்ச் 13
டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 17
மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "இதை நம்பி நாளைக்கு ஒரு பிள்ளைக்குத் தப்பா சொல்லிடுவாங்களா?"
சொல்லிவிடக்கூடும் என்றேன்.
"அப்புறம் என்ன யோசனை?"

மார்ச் 18
டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.
"எத்தனை நாளா தெரியும்?"
"ஒன்பது நாளா, மேடம்."
மாநாட்டில் பேசத் தயார் செய்துகொண்டிருந்ததை மூடினார். "வெளியே இருங்க." திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2
ஒன்பதையும் நீக்கிக் கணக்கிட்டார்கள். வித்தியாசம் காணாமல் போய்விட்டது. மாநாட்டுக்கு அனுப்பியிருந்த கட்டுரையை டாக்டர் திரும்பப் பெற்றார். என் வேலை போகவில்லை. "பெத்தவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 6
எட்டுப் பேரிடம் பேசி முடித்தேன். ஒரு அம்மாவின் பையன் போன மாதம் இறந்துவிட்டான். "அவன் ரத்தமாவது யாருக்கோ உதவும்னு நினைச்சிருந்தேன்" என்றாள். அவளேதான் போனை வைத்தாள்.

ஏப்ரல் 7
கடைசி ஆள் ஒரு லாரி டிரைவர். மகளுக்கு ஏழு வயது.
"உங்க பொண்ணு குடுத்த ரத்தத்தை நான் கெடுத்துட்டேங்க."
"அதுக்கென்ன, வேற எடுத்துக்குங்க."
"முடியாதுங்க. கட்டி இருந்தப்ப எடுத்தது அது. இப்பதான் கட்டியே இல்லையே."
"அது நல்ல சேதிதானே சார்" என்றார். பிறகு, "இருங்க, வண்டியை ஓரமா நிறுத்திக்கிறேன். நீங்க ஏன் அழுறீங்க?"